லாசருவின் கல்லறையும் நம் துக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடக்க ஆராதனையில் ஆயர் வாசிக்கிற "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வசனம் யோவான் 11-ம் அதிகாரத்தில் வருகிறது. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் அடக்க முறைமை தொடங்குவதே அந்த வசனத்தோடுதான். ஆனால் அந்த ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி நடக்கிற அழுகையையும் முறையிடுதலையும் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். வீட்டில் ஒருவரை இழந்தவர்களும், அவர்களைப் பார்க்கப் போகிறவர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்கு அந்த அதிகாரம் முழுவதையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மேற்கோள்கள் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலிலிருந்து.

யோவான் 11-ல் என்ன நடக்கிறது?

எருசலேமுக்குப் பக்கத்தில், ஒலிவமலையின் கிழக்குச் சரிவில் பெத்தானியா என்று ஒரு சிறிய ஊர். அங்கே மார்த்தாள், மரியாள், அவர்களுடைய சகோதரன் லாசரு மூவரும் இருந்தார்கள். இயேசுவுக்குப் பழகின வீடு. லாசரு நோயில் விழுந்ததும் சகோதரிகள் ஆள் அனுப்பினார்கள். "ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்" என்பதுதான் செய்தி. வாருங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அவர் உடனே புறப்படவில்லை. வந்து சேர்ந்தபோது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாளாகியிருந்தது. மார்த்தாள் ஊருக்கு வெளியே போய் அவரைச் சந்திக்கிறாள், அப்புறம் மரியாள் வருகிறாள். இருவரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். இயேசு அழுகிறார். கல்லறைக்குப் போய்க் கல்லை எடுக்கச் சொல்கிறார். லாசரு பிரேதக் கட்டுகளோடு வெளியே வருகிறான்.

அந்த ஊர் இன்றும் இருக்கிறது. அரபியில் அல்-அசரியா என்பார்கள், லாசருவின் பெயரால் வந்த பெயர். அவனுடைய கல்லறை என்று காட்டப்படுகிற குகைக்குள் செங்குத்தான படிகள் வழியாக இறங்க வேண்டும்.

"பரலோகத்துக்குத்தானே போயிருக்கிறார், ஏன் அழுகிறீர்கள்?" என்கிறார்கள். விசுவாசி அழக்கூடாதா?

அழலாம். தாராளமாக அழலாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

நடந்தவற்றின் வரிசையைப் பாருங்கள். புறப்படும்போதே லாசருவை எழுப்பப் போவதாக இயேசு சீஷர்களிடம் சொல்லிவிட்டார். ஊர் எல்லையில் மார்த்தாளிடம் "உன் சகோதரன் உயிர்த்தெழுந்திருப்பான்" என்றும் சொல்லிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரு உயிரோடு நடந்து வருவான் என்பது அவருக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் 35-ம் வசனம் வருகிறது: "இயேசு கண்ணீர் விட்டார்." நம்பிக்கை இல்லாமல் வந்த அழுகை என்று இதை யாராலும் சொல்ல முடியாது. மரியாள் அழுவதைப் பார்த்தார், அவளோடு வந்தவர்கள் அழுவதைப் பார்த்தார், அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

"அழாதே, இப்போது பார் என்ன நடக்கிறதென்று" எனச் சொல்லும் உரிமை யாருக்காவது இருந்ததென்றால் அன்றைக்கு அவருக்குத்தான் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. முதலில் அழுதார், பிறகுதான் கல்லறைக்குப் போனார். அவரே பயன்படுத்தாத அந்த உரிமையை, யாரையும் எழுப்ப முடியாத நாம் ஏன் கையில் எடுக்கிறோம்?

"நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து, அறிவில்லாதிருக்க எனக்கு மனதில்லை" என்று பவுல் எழுதினாரே (1 தெசலோனிக்கேயர் 4:13) என்று கேட்பார்கள். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதினார், துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. ஸ்தேவானை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் திறந்திருக்கக் கண்டு, இயேசுவைக் கண்டு செத்தவன் அவன். அவன் எங்கே போனான் என்பதில் அந்தச் சபைக்குத் துளிகூடச் சந்தேகம் இருந்திருக்காது. ஆனாலும் அப்போஸ்தலர் 8:2 என்ன சொல்கிறது? தேவபக்தியுள்ள மனுஷர் அவனை அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள். அந்த "தேவபக்தியுள்ள" என்ற சொல்லை விட்டுவிடாமல் வாசியுங்கள்.

செய்தி கேட்டும் இயேசு ஏன் இரண்டு நாள் தாமதித்தார்? இதைப் படிக்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது.

வலிக்கத்தான் செய்யும். யோவானும் அந்த வலியை மறைக்கவில்லை. 5-ம் வசனத்தில் இயேசு அந்த மூவரிடமும் அன்பாயிருந்தார் என்கிறார், அடுத்த வசனத்திலேயே "தாம் இருந்த இடத்திலே பின்னும் இரண்டுநாள் தங்கினார்" என்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

நாள் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. இயேசு அப்போது யோர்தானுக்கு அக்கரையில், யோவான் ஞானஸ்நானம் கொடுத்த இடத்தில் இருந்தார். அந்த இடம் என்று மரபாகக் காட்டப்படும் பகுதி எரிகோவுக்குக் கிழக்கே, கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிற பள்ளத்தாக்கு. அங்கிருந்து பெத்தானியாவுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும், ஒரு நாள் நடை. ஆள் போக ஒரு நாள், அவர் தங்கினது இரண்டு நாள், வந்து சேர ஒரு நாள். மொத்தம் நாலு. அப்படியானால் ஆள் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே லாசரு இறந்திருக்க வேண்டும். இயேசு உடனே கிளம்பியிருந்தாலும் உயிரோடு பார்த்திருக்க முடியாது. கணக்கு அப்படிச் சொல்கிறது. ஆனால் மார்த்தாளும் மரியாளும் கணக்கா போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்? வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். "இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவாயிராமல்" என்று இயேசு சொன்னதை அந்த ஆள் திரும்பி வந்து சொல்லியிருந்தால், அதை அவர்கள் கேட்டபோது சகோதரனை ஏற்கெனவே அடக்கம் பண்ணி முடித்திருப்பார்கள். அந்த வார்த்தை அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்!

சீஷர்களிடம் அவர் காரணம் சொன்னார்: நீங்கள் விசுவாசிப்பதற்காக என்றார். தேவனுடைய மகிமை என்றும் சொன்னார். ஆனால் அந்த இரண்டு பெண்களிடமும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி அவர் தம்மை நியாயப்படுத்தவில்லை. அழுதுகொண்டு நிற்கிறவர்களிடம் "தேவ மகிமைக்காகத்தான் இது நடந்தது" என்று விளக்கம் சொல்லப் புறப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. யூதேயாவில் கொஞ்ச நாளுக்கு முன்புதான் அவரைக் கல்லெறியத் தேடினார்கள். திரும்பிப் போவது ஆபத்து என்று சீஷர்களுக்குத் தெரியும். "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்" என்று தோமா சொன்னது அப்போதுதான். சந்தேகப்பட்டவன் என்றே பெயரெடுத்த தோமாவின் இந்தத் துணிவு, அவர் மரித்த இடமென்று மரபாகக் காட்டப்படும் பரங்கிமலை இருக்கிற நம் ஊரில்கூட அதிகம் பேசப்படுவதில்லை.

ஆண்டவர்மேல் கோபமாக இருக்கிறது. ஜெபிக்கவே முடியவில்லை. இது பாவமா?

"ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." மார்த்தாள் வந்து இதைச் சொன்னாள். மரியாள் வந்து அவர் பாதத்தில் விழுந்து இதையே சொன்னாள். அந்த நாலு நாளும் இருவரும் வீட்டுக்குள் இதைத்தான் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் சொல்லுக்குச் சொல் இப்படி ஒத்துப்போகாது. பக்தியான வார்த்தைதான், ஆனால் உள்ளே குற்றச்சாட்டு இருக்கிறது: நீர் ஏன் வரவில்லை?

இயேசு கடிந்துகொள்ளவில்லை. "என்னிடம் இப்படிப் பேசலாமா" என்று கேட்கவில்லை. சங்கீதங்களிலும் இதே குரல் கேட்கும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்கிறது 13-ம் சங்கீதம். அதிலாவது முடிவில் நம்பிக்கை திரும்புகிறது. 88-ம் சங்கீதத்தில் அதுவும் கிடையாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு பாட்டைச் சேர்த்து வைத்தவர்கள், அதை ஜெபமாகவே வைத்தார்கள்.

ஜெபிக்க வரவில்லை என்றால் வேறு வார்த்தை தேட வேண்டாம். மார்த்தாள் சொன்னதில் "என் சகோதரன்" என்ற இடத்தில் உங்கள் வீட்டுப் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். அதுவும் போதுமான ஜெபம்.

இன்னும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரோ என்ற எண்ணம் விடவே மாட்டேன் என்கிறது.

அநேகமாக எல்லா வீட்டிலும் இது இருக்கிறது. அன்றைக்கு நெஞ்செரிச்சல் என்று நினைத்து ஜெலுசில் கொடுத்தோமே, வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாமே, நான் அந்த வாரம் ஊருக்குப் போகாமல் இருந்திருக்கலாமே. பெத்தானியாவிலும் அதே "இருந்தால்" தான். ஒரு வித்தியாசம்: அந்தச் சகோதரிகள் அதை இயேசுவின்மேல் போட்டார்கள், நாம் நம்மேல் போட்டுக்கொள்கிறோம். அவர்மேல் போடுவதே மேல். அவர் அதைத் தாங்கிக்கொண்டார்.

"ஏன் ஒரு நாள் முன்னாலேயே ஆள் அனுப்பவில்லை?" என்று அவர் அவர்களைக் கேட்கவில்லை. லாசருவைப் பற்றிக் கேட்டது "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று மட்டும்தான்.

வெளியே நின்றவர்கள்தான் அந்தப் பேச்சைப் பேசினார்கள். "குருடனுடைய கண்களைத் திறந்த இவர், இவனைச் சாகாமலிருக்கப்பண்ணவும் கூடாதா?" நம் துக்க வீடுகளிலும் சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி யாராவது ஒருவர் "மதுரைக்குக் கொண்டுபோயிருக்கலாம்" என்று சொல்வார். உள்ளே இருப்பவர்களுக்கு அது கேட்கும், வருஷக்கணக்கில் மறக்காது. தயவுசெய்து அந்தப் பேச்சை அங்கே பேசாதீர்கள்.

சரி, உண்மையிலேயே ஒரு தவறு நடந்திருந்தால்? மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து நடந்ததை வரிசையாகச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும், ஏனென்றால் அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தது வேறு, இன்றைக்குத் தெரிவது வேறு. மிச்சம் இருப்பதை மன்னிப்பாகக் கேளுங்கள், தண்டனையாகச் சுமக்க வேண்டாம்.

என் தங்கை எப்போதும் அழுகிறாள். எனக்கு அழுகையே வரவில்லை, வேலை வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பாசம் இல்லை என்று உறவுக்காரர்கள் பேசுகிறார்கள்.

மார்த்தாள் எழுந்து வெளியே போனாள், "மரியாளோ வீட்டிலே உட்கார்ந்திருந்தாள்." ஒரே சகோதரன், ஒரே இழப்பு, துக்கம் இரண்டு விதம். இயேசுவும் இருவரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. மார்த்தாளுக்குப் பேச வேண்டியிருந்தது, அவளோடு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளால் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை, அவளுக்கு ஒரு உபதேசமும் சொல்லாமல் அழுதார்.

சாமியானாவுக்குச் சொல்வது, குழி வெட்ட ஆள் பார்ப்பது, வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது, இறப்புச் சான்றிதழுக்கு அலைவது இதெல்லாம் யாராவது செய்தாக வேண்டும். அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்துக் கல்நெஞ்சு என்கிறோம். அவர்களுக்குள்ளும் துக்கம் இருக்கிறது. மார்த்தாளை இன்னும் கொஞ்சம் பாருங்கள். "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கையிட்டவள், கல்லறை முன்னால் வந்ததும் "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே" என்கிறாள். தம்பியோ அண்ணனோ, அவனை அந்த நிலையில் ஊர் பார்க்கக்கூடாது என்ற தவிப்பு அது. அவ்வளவு பெரிய விசுவாசமும் இந்தத் தவிப்பும் ஒரே நாளில் ஒரே பெண்ணிடம்.

துக்கத்தை ஆராய்கிறவர்களும் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறார்கள். நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் இருவரும் 1999-ல் முன்வைத்த கருத்துப்படி, இழந்தவர் மனது இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வரும், அப்படிப் போய் வருவதுதான் ஆரோக்கியம். உங்களுக்கு அழுகை மூன்றாம் மாதம் ஏதோ ஒரு பேருந்தில் வரலாம். வரட்டும். அதுவரை தங்கையைத் தேற்ற வேண்டும் என்று முயற்சி பண்ணாமல், அவள் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள்.

ஒப்பாரி வைப்பது அஞ்ஞான வழக்கம் என்று எங்கள் பாஸ்டர் தடுக்கிறார்.

ஒப்பாரி வேதத்துக்கு அந்நியமானதல்ல. எரேமியா 9:17-ல் புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்கிறது கர்த்தருடைய வார்த்தையே. ஏழை வீட்டு மனைவி இறந்தாலும் இரண்டு குழலும் ஒரு புலம்பற்காரியும் இல்லாமல் அடக்கம் பண்ணக்கூடாது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் ஒரு போதகர் சொல்லியிருக்கிறார். சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடினதை 2 சாமுவேல் முதல் அதிகாரத்தில் வாசியுங்கள். செத்தவர்களின் பெருமையைச் சொல்லி, மலையைப் பார்த்துச் சபித்து, பெண்களை அழச் சொல்லி, கடைசியில் "என் சகோதரனாகிய யோனத்தானே" என்று உடைகிற பாட்டு அது. நம் பாட்டிமார் நெஞ்சிலடித்துப் பாடுவதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

நம்பிக்கையே இல்லை என்று பாடுகிற வரிகளைத் தவிர்க்கச் சொல்லலாம். பாடுகிற வாயையே மூடச் சொல்வது வேறு. பெத்தானியாவில் சத்தமாக அழுதவர்கள் யாரையும் இயேசு வெளியே அனுப்பவில்லை.

துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது?

முதலில், போங்கள். என்ன பேசுவது என்று தெரியாமலேயே பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

யோபுவின் சிநேகிதர்கள் பிறகு பேசின பேச்சுக்காகக் கெட்ட பெயர் வாங்கினார்கள். ஆனால் தொடக்கத்தில் அவர்கள் செய்தது மிகச் சரி. இரவும் பகலும் ஏழு நாள், ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வாய் திறந்தவன் யோபு. துக்கப்படுகிறவர் பேசத் தொடங்கும் வரை ஆறுதல் சொல்ல வந்தவர் பேசக்கூடாது என்ற விதியை யூதப் போதகர்கள் அங்கிருந்துதான் எடுத்தார்கள், அவர்களுடைய போதனைத் தொகுப்பாகிய தல்மூதில் அது இருக்கிறது. நம் ஊரில் இது கடினம், வந்ததும் "எப்படி ஆச்சு?" என்று கேட்டுவிடுவோம். இருபதாவது ஆளுக்கும் அந்த ராத்திரியை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் அந்த மனைவியை நினைத்துப் பாருங்கள்.

மரியாள் சட்டென்று எழுந்து போனபோது வீட்டிலிருந்தவர்கள், அவள் கல்லறையில் அழப் போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போனார்கள் (31-ம் வசனம்). "வேண்டாம், உட்கார், உடம்புக்கு ஆகாது" என்று யாரும் பிடித்து இழுக்கவில்லை. கூடப் போனார்கள். அவ்வளவே செய்தார்கள், இயேசுவின் கண்ணீரைத் தூண்டினதில் அவர்களுடைய அழுகைக்கும் பங்கு இருந்தது.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது யோபு தன் பிள்ளைகளைப் பற்றித் தானே சொன்னது. இழந்தவர் சொன்னால் அது விசுவாசம். பார்க்க வந்தவர் சொன்னால் அதன் எடையே மாறிவிடுகிறது. "தேவ சித்தம்", "நல்லவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்", "இன்னொரு பிள்ளை பிறக்கும்" என்பவற்றையும் விட்டுவிடுங்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். "உங்கள் அப்பா எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், அடித்ததே இல்லை" என்பது போல. பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள், அந்தப் பெயரைக் கேட்க அவர்களுக்கு ஆசையாக இருக்கும்.

அப்புறம் சாப்பாடு. அடுப்பு எரியாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருவது நம்மிடமும் உண்டு, யூதர்களிடமும் உண்டு. அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாடு அயலார் கொண்டுவந்ததாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆனால் எல்லோரும் முதல் மூன்று நாளிலேயே கொண்டுவந்து குவித்துவிடுகிறோம். மூன்றாவது வாரம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்போது போங்கள்.

துக்கம் எவ்வளவு நாள் இருக்கலாம்?

வேதத்தில் ஒரே அளவு இல்லை. யாக்கோபுக்காக எகிப்தியர் எழுபது நாளும், யோசேப்பு ஏழு நாளும் துக்கங்கொண்டாடினார்கள். ஆரோனுக்கும் மோசேக்கும் முப்பது நாள். யூதர்கள் இன்றும் முதல் ஏழு நாள் வீட்டிலேயே இருப்பது, முப்பது நாள் வரை சிலவற்றை விலக்குவது, தாய் தகப்பனுக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு வருஷம் என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். இயேசுவின் காலத்து எருசலேமில் இன்னொன்றும் இருந்தது. உடலைக் குகைக் கல்லறையில் வைத்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் போய், எலும்புகளைச் சேர்த்து ஒரு சிறிய கல்பெட்டியில் வைப்பார்கள். அப்படிப்பட்ட பெட்டிகள் எருசலேமைச் சுற்றி நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒரு வருஷம் கழித்தும் அந்த இடத்துக்குப் போய், தன் கையால் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. பத்தாம் நாள் "இன்னுமா அழுகிறாய்" என்று அந்தச் சமுதாயம் கேட்டிருக்காது.

ஐந்து கட்டங்கள் உண்டு, மறுப்பு, கோபம் என்று வரிசையாக வரும் என்று படித்திருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதைச் சொன்னது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பார்த்து. இழந்தவர்களுக்கான கால அட்டவணையாக அதை எடுத்துக்கொண்டு, "நான் இன்னும் மூன்றாம் கட்டத்திலேயே நிற்கிறேனே" என்று கவலைப்பட வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மாதங்கள் கழிந்தும் நாள் முழுக்க அதே ஏக்கம், குளிக்கவோ சமைக்கவோ வேலைக்குப் போகவோ முடியாத நிலை நீடித்தால் போக வேண்டும். நீடித்த துக்கம் இப்போது சிகிச்சை உள்ள ஒரு நோயாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை ஆறு மாதத்துக்கு மேல் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வைத்தது.

நானும் போய்விட்டால் என்ன என்ற எண்ணம் வந்தால் மாதக்கணக்குப் பார்க்கக் கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்.

தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பத்துக்கு இந்தப் பகுதி என்ன சொல்கிறது?

நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டு வாசலிலும் இயேசு அழுதிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சபைக் கல்லறையில் இடம் கொடுக்காமல், மணி அடிக்காமல், ஓரமாகப் புதைக்கச் சொன்ன காலம் நம்மிடமும் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இருந்தது, 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். வேதத்திலோ தற்கொலை செய்துகொண்ட அகித்தோப்பேலை, தாவீதின் ஆலோசகனாயிருந்தவனை, அவன் தகப்பனுடைய கல்லறையிலேயே அடக்கம் பண்ணினார்கள் (2 சாமுவேல் 17:23). அந்தக் குடும்பத்திடம் மற்ற எந்தத் துக்க வீட்டிலும் பேசுவது போலவே பேசுங்கள். காரணம் தோண்டாதீர்கள்.

குழந்தையிடம் எப்படிச் சொல்வது? தூங்குகிறார் என்று சொல்லலாமா?

வேண்டாம். இதே அதிகாரத்தில் லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்று இயேசு சொன்னதும், வளர்ந்த சீஷர்களே "நித்திரையடைந்திருந்தால் சுகமடைவான்" என்று தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அப்புறம் அவர் வெளிப்படையாக "லாசரு மரித்துப்போனான்" என்றார். தாத்தா தூங்குகிறார் என்று கேட்ட பிள்ளை ராத்திரி தூங்கப் பயப்படும். "தாத்தா இறந்துவிட்டார், இனி அவர் உடம்பு அசையாது, வலிக்காது, திரும்பி வரமாட்டார், நமக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். பார்க்க வேண்டும் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள், வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

லாசரு எழுந்து வந்தான். எங்கள் பிள்ளை வரவில்லையே?

இதற்கு யாரும் உங்களுக்கு விடை சொல்ல முடியாது, சொல்ல வருகிறவரை நம்ப வேண்டாம். சுவிசேஷங்களில் இயேசு எழுப்பினதாக விவரமாக வருகிறவர்கள் மூன்றே பேர்: யவீருவின் மகள், நாயீன் ஊர் விதவையின் மகன், லாசரு. அந்த வருஷங்களில் கலிலேயாவிலும் யூதேயாவிலும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் இறந்திருப்பார்கள். அவர்களுடைய தாய்மார் உங்களைப்போலவே கேட்டிருப்பார்கள்.

லாசருவும் பின்னால் ஒரு நாள் மறுபடியும் சாகத்தான் வேண்டியிருந்தது. அடுத்த அதிகாரத்திலேயே பிரதான ஆசாரியர்கள் அவனைக் கொல்ல ஆலோசிக்கிறார்கள். ஆகவே அவனுக்குக் கிடைத்தது கொஞ்ச காலம். கிறிஸ்தவன் காத்திருப்பது அதைவிடப் பெரியதுக்கு, அது இன்னும் வரவில்லை. வராதவரை இழப்பு இழப்புதான். பந்தியில் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்ல முடியும். லாசருவை எழுப்பினதைக் கேட்டு ஆலோசனைச் சங்கம் கூடின அந்த நாள்முதல் இயேசுவைக் கொலைசெய்ய ஆலோசனை பண்ணினார்கள் என்று 53-ம் வசனம் சொல்கிறது. அந்தக் கல்லறை முன்னால் அவர் அழுதது தூரத்தில் நின்று பரிதாபப்பட்ட அழுகை அல்ல. தம்முடைய சாவுக்கான வழியில் கால் வைத்தபடி அழுதார். தாவீது இறந்துபோன தன் குழந்தையைப் பற்றி "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றான். பிள்ளையை இழந்த சிலரால் அந்த வசனத்தைத்தான் பிடித்துக்கொள்ள முடிகிறது. சிலரால் அதுவும் முடியாது, அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

வீட்டு ஜெபத்தில் இந்த அதிகாரத்தை எப்படி வாசிக்கலாம்?

மூன்றாம் நாள் ஜெபத்தில் 17 முதல் 37 வரை வாசித்து நிறுத்திவிடுங்கள். லாசரு எழுந்து வருகிற பகுதியை அன்றைக்கு வாசிக்க வேண்டாம், வெட்டின குழியின் ஈரம் காயாத வீட்டில் அது சிலருக்குக் குத்தும். வாசித்தபின் பிரசங்கம் செய்யாமல், இறந்தவரைப் பற்றி வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொல்ல விடுங்கள். பேச முடியாதவர்கள் அழட்டும். 38 முதல் 44 வரை வருஷ நினைவு நாளிலோ கல்லறைத் திருநாளிலோ, வீட்டார் கேட்டால், வாசிக்கலாம். யார் வாசிப்பது என்பதையும் அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள்.